இருபத்தெட்டு கிராம்

டார்ட் வாங்க வருகிற எவனும் தன் கையைப் பற்றி உண்மை சொல்வதில்லை. வேண்டுமென்று சொல்கிற பொய் இல்லை, பாவம், தெரியாமல் சொல்கிறான். "எப்படிப் பிடிப்பீங்க?" என்று கேட்டால் போதும். உடனே நெஞ்சை நிமிர்த்தி, டிவியில் பார்த்த யாரோ ஒரு சாம்பியன் மாதிரி விரல்களை விரித்துக் காட்டுவான். அந்தப் பிடியில் அவன் ஒரு நாளும் எறிந்திருக்க மாட்டான்.

அதனால் கிராம் யாரையும் கேட்பதில்லை. கிராம் என்பது அவளுக்கு ஊர் டார்ட் கிளப்பில் வைத்த பெயர். வாய் திறந்தால் "ரெண்டு கிராம் குறைச்சுப் பாருங்க", "உங்க கைக்கு இருபத்தி மூணு" என்றுதான் பேசுவாள். பேர் ஒட்டிக்கொண்டது. சலவைக் கடைக்கும் சாவி செய்பவர் கடைக்கும் நடுவில் ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஒரு கடை அவளுடையது. டார்ட் தவிர வேறு எதுவும் அங்கே கிடையாது. கோடியில் சுவரில் டார்ட் எறிந்து குத்த ஒரு வட்டப் போர்டு, தரையில் மஞ்சள் டேப்பில் ஒரு கோடு, கண்ணாடி மேசைமேல் ஒரு பென்சில்.

அந்தப் பென்சில்தான் அவளுடைய வித்தை. ஆள் உள்ளே வந்து விலை விசாரித்து, காற்றில் ரெண்டு தடவை கையை ஆட்டிக் காட்டியதும், "அந்தப் பென்சிலைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்பாள். வேறு நினைப்பில் இருக்கிற ஆள் சாதாரணமாக எடுத்து நீட்டுவான். அவள் பென்சிலைப் பார்க்க மாட்டாள், விரல்களைப் பார்ப்பாள். எத்தனை விரல் போகிறது, கட்டைவிரல் எங்கே உட்காருகிறது, முனைக்குப் பக்கமா, நடுவிலா, வாலிலா. முன்னால் பிடிப்பவனுக்கு எடை முன்னால் இருக்கிற டார்ட். நாலு விரலும் போட்டுக் கட்டிப் பிடிக்கிறவனுக்கு நீளமானது. உள்ளங்கை வியர்க்கிறவனுக்கு ஆழமாக வரி போட்டது. விரலை விட்டுப் போக அடம்பிடிக்கிறது என்பவனுக்கு வழவழப்பானது. அப்புறம்தான் கோட்டில் நிற்க வைத்து எறியச் சொல்வாள். முழங்கை ஏறுகிறதா, மணிக்கட்டு உதறுகிறதா என்று பார்த்து எடையை முடிவு செய்வாள்.

போன வருஷம் ஒரு பல் டாக்டர் வந்தார். சாம்பியன்கள் வைத்திருப்பதைப் போலத் தனக்கும் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். "சார், அவங்க கையையும் சேர்த்து வாங்கிட்டு வந்தீங்கன்னா தர்றேன்" என்று சொல்லிவிட்டு வேறொன்றைக் கட்டிக் கொடுத்தாள். முறைத்துக்கொண்டே வாங்கிப் போனவர் அடுத்த வாரமே தன் கம்பவுண்டரையும் மைத்துனரையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த ஊர்க் கிளப்பில் அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் கிடையாது. கிராம் கொடுத்த கூடம் கோணலாக இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். அந்தக் கர்வம் கொஞ்சம் உண்டு அவளுக்கு.

அவளுக்கு இந்த ஆட்டத்தைக் காட்டியதே அண்ணன்தான். கண்ணாடி வெட்டுவது அவர் தொழில். ஜன்னல், கதவு, மீன்தொட்டி, எதுவானாலும் அளவுகோலை வைத்து வைர முனையால் ஒரே இழுப்பு இழுப்பார். மேசை விளிம்பில் வைத்து லேசாகத் தட்டினால் கோடு போட்ட இடத்தில் சமர்த்தாகப் பிரிந்து வரும். அந்தக் கைதான் சனிக்கிழமைகளில் கிளப்பில் டார்ட் எறியும். இருபது வருஷத்துக்கு மேல் கிளப் அணியில் கடைசி ஆள் அவர்தான். கடைசி ஆள் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். எல்லோரும் எறிந்து முடித்து, ஆட்டம் ஒரு மயிரிழையில் தொங்கும்போது போய் நிற்கிறவர்.

அவர் கையைக் கிராம் பென்சில் வைத்துப் பார்த்ததே இல்லை. அவசியமில்லை என்று நினைத்தாள். பிறந்ததிலிருந்து பார்க்கிற கை. மூன்று விரல், நடுவில் பிடி, விரல் பிடிக்கிற உலோகத் தண்டான பேரல் நேராக, வழவழப்பாக, இருபத்திரண்டு கிராம். கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அண்ணன் வந்து, "வெரல்ல நிக்க மாட்டேங்குதும்மா, வழுக்குது" என்றார். வரி போட்ட பேரல் கொடுத்தாள், இருபத்து நாலு கிராமில். சரியாகிவிட்டது. சில மாதம் கழித்து, "கொஞ்சம் எட்டாம கீழயே விழுது" என்றார். கனமான டார்ட்டை வேகமாக வீச வேண்டியதில்லை. சும்மா கொண்டுபோய் விட்டால் போதும், அதுவே போகும். இருபத்தாறு கொடுத்தாள். அதுவும் சரியாகிவிட்டது. பிறகு மூன்று விரல் போதவில்லை என்று நாலாவது விரலையும் சேர்த்துக்கொண்டார். நீளமான பேரலாக மாற்றிக் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் அணித் தலைவரான டயர்க்கடைக்காரர் கிளப்பில் எல்லோரும் கேட்கும்படி, "அண்ணன் எறியல, தங்கச்சி எறியுது" என்பார். அண்ணன் சிரிப்பார். கிராமுக்குக் காது வரைக்கும் வாய் போகும்.

அணிகளுக்கான போட்டியின் அரையிறுதிக்கு மூன்று நாள் இருக்கும்போது அண்ணன் கடைக்கு வந்தார். மத்தியானம், கடையில் யாரும் இல்லை. உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. வலது கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னொரு ரெண்டு கிராம் ஏத்திப் பார்க்கலாமா?"

"இருபத்தெட்டாண்ணே? அது ரொம்பக் கனம். இப்ப இருக்கறதுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. கைய விட்டுப் போகணும்ல. கொஞ்சம் யோசிக்குது."

"டார்ட்டா?"

"பின்ன நானா?" என்று சிரித்தார்.

ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பழக்க தோஷமாக இருக்கலாம். இழுப்பறையைத் திறந்துகொண்டே, "அந்தப் பென்சிலைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்கண்ணே" என்றாள்.

அண்ணன் கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தார். கை மேசை வரைக்கும் வந்தது. பென்சிலுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றது. எங்கே வைத்தோம் என்று எதையோ தேடுகிறவர் மாதிரி ஒரு கணம் அங்கேயே இருந்தது. பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக, ஒன்றையொன்று அனுமதி கேட்டுக்கொண்டு வருவதைப் போல, பென்சிலைச் சுற்றின. எடுத்துக் கொடுத்துவிட்டார். கொடுத்ததும் கை கண்ணாடி மேல் ஓய்ந்து கிடந்தது. ஓய்ந்து கிடந்த கையில் கட்டைவிரல் மட்டும் ஆள்காட்டி விரல்மேல் உருண்டுகொண்டிருந்தது, எதையோ மாத்திரையாக உருட்டுகிற மாதிரி.

அந்த உருட்டலை அவள் பார்த்திருக்கிறாள். சாப்பாட்டு மேசையில், அப்பா கையில். முதலில் விரல், அப்புறம் கை, அப்புறம் தட்டில் டகடகவென்று அடித்துக்கொள்கிற ஸ்பூன், அப்புறம் ஸ்பூனே வேண்டாம் என்று ஆனது. கடைசி நாலு வருஷம் அப்பாவுக்கு ஊட்டியது அண்ணன்தான். வேறு யார் ஊட்டினாலும் அப்பா வாயை மூடிக்கொள்வார்.

கிராம் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இருபத்து நாலு, இருபத்தாறு, நாலாவது விரல், நீளப் பேரல். ஒவ்வொன்றும் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தியதுதான் வினை. அவள் எடையைக் கூட்டக் கூட்ட அந்தக் கையில் இருந்தது வெளியே தெரியாமல் போனது. வேறொருத்தன் கண்ட டார்ட்டைக் கொடுத்திருந்தால் போன வருஷமே அண்ணன் தோற்றிருப்பார், டாக்டரிடமும் போயிருப்பார். நல்ல டார்ட்டாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்து ஒன்றரை வருஷத்தைத் தின்றுவிட்டோம் என்று நினைத்ததும் இழுப்பறையை மூடினாள்.

"அண்ணே, ஒரு டாக்டரைப் பார்க்கலாம்."

"எதுக்கு? அவரு டார்ட் விக்கிறாரா?"

"விளையாடாதீங்க. உங்க வெரலைப் பாருங்க. அப்பாவுக்கு..."

"அப்பாவை இழுக்காத." குரல் உயரவில்லை. கை மட்டும் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. "நான் கேட்டது டார்ட்டு. குடுக்க முடியலன்னா சொல்லு, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருத்தன் விக்கிறான். அவன்கிட்ட வாங்கிக்கிறேன்."

"அவன் விக்கிறது டார்ட்டா? அதை வச்சுக் கொசு கூட அடிக்க முடியாது."

அண்ணன் சிரித்துவிட்டார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"அண்ணிக்குத் தெரியுமா?" என்றாள்.

"சட்டை பட்டன் போட லேட் ஆகுது, வயசாயிடுச்சுன்னு சொல்றா. அவ அப்படியே நினைச்சுக்கட்டும்." நிறுத்தினார். "சரி, ஒண்ணு செய்வோம். நீ நல்லா பார்த்து, உன் மனசுக்கு நிறைஞ்ச மாதிரி ஒரு செட் குடு. டார்ட்ல குறையே இருக்கக் கூடாது. அப்படியும் சனிக்கிழமை என்னால எறிய முடியலன்னா, அப்ப கையிலதான் குறை. திங்கக்கிழமை காலைல நீ எந்த டாக்டர்கிட்ட கூப்பிட்டாலும் வர்றேன். வாயே திறக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"நான் என்னிக்கு உன்கிட்ட பேச்சு மாறியிருக்கேன்?"

மாறியதில்லை. அதனால்தான் அவள் ஒப்புக்கொண்டாள். அன்று சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தாள். இருபத்தெட்டு கிராம், தொண்ணூற்றைந்து சதவீத டங்ஸ்டன். பித்தளையில் அந்த எடை வேண்டுமென்றால் மெழுகுவத்தி தடிமன் ஆகும். டங்ஸ்டன் கனமான உலோகம், அதனால் அத்தனை எடைக்கும் ஒல்லியாகவே இருந்தது. மூன்றையும் தராசில் வைத்து, ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லாத செட்டாகப் பார்த்து எடுத்தாள். விரல் உட்கார வேண்டிய இடத்தில் மட்டும் வரி, விடுகிற இடத்தில் வழவழப்பு. அவள் வாழ்க்கையில் யாருக்கும் இவ்வளவு பொருத்தமாக ஒரு செட் கொடுத்ததில்லை. இவ்வளவு பொருத்தமான டார்ட் தோற்க வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டதும் அன்றைக்குத்தான். தெருமுனை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, நரம்பு டாக்டரிடம் திங்கட்கிழமை காலைக்கு நேரமும் வாங்கினாள்.

சனிக்கிழமை கிளப்பில் கூட்டம் நெரிந்தது. எதிரணி தபால் ஆபீஸ்காரர்கள். குடும்பம் குட்டியோடு வந்திருந்தார்கள். அண்ணி வரவில்லை, அவளுக்கு இந்த விளையாட்டு பிடிக்காது. கிராம் சுவரோரமாக, ஸ்கோர் எழுதும் பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். பல் டாக்டர் தன் நாற்காலியைக் கொடுத்தார். வேண்டாம் என்றாள்.

ஆட்டம் இழுத்துக்கொண்டே போய்க் கடைசி ஆளிடம் வந்து நின்றது. அண்ணன் கோட்டுக்கு வந்தார். முதல் சுற்றுகளில் இருபத்தெட்டு கிராம் தன் வேலையைச் செய்தது. கை கொண்டுபோய் விட்டதும் டார்ட் தானாகப் போய்க் குத்தியது. டயர்க்கடைக்காரர் திரும்பி அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அண்ணனுக்கு இனி வேண்டியது டபுள் பதினாறு மட்டும், போர்டின் வெளி வளையத்தில் பதினாறுக்கு நேராக இருக்கிற சின்னக் கட்டம். பத்து வருஷமாக அவர் தூக்கத்தில் எழுப்பினாலும் குத்துகிற இடம் அது. அடித்தால் இறுதி ஆட்டம்.

முதல் டார்ட் கம்பிக்கு வெளியே போனது. ஐயோ என்று ஒரு முனகல் எழுந்து அடங்கியது. அண்ணன் இரண்டாவதை எடுத்தார். கையை உயர்த்தினார். டார்ட் கண்ணுக்கு நேராக வந்தது. முழங்கை மடங்கிப் பின்னால் போனது.

அங்கேயே நின்றுவிட்டது.

எல்லோரும் காத்திருந்தார்கள். குறி பார்க்கிறார் என்று நினைத்தார்கள். கை வரவில்லை. அண்ணன் முகத்தில் வியர்வை துளிர்த்தது. தோளில் ஒரு அசைவு, முழங்கையில் ஒரு அசைவு, விரல் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. கையை இறக்கினார். மறுபடி ஏற்றினார். மறுபடி அதே இடம். தபால்காரர் பக்கத்திலிருந்து ஒரு பெண் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்றாவது தடவை கையை இறக்கியபோது தொடைப் பக்கத்தில் அது நடுங்கத் தொடங்கியது. டார்ட்டின் இறக்கை பேன்ட் துணியில் பட்டுப் படபடவென்று சத்தம் போட்டது. அந்த அமைதியில் அது எல்லோர் காதிலும் விழுந்தது.

"என்னய்யா, கை இப்படி நடுங்குது?" என்று எதிரணித் தலைவர் கேட்டார். நல்ல மனுஷன்தான்; அக்கறையில்தான் கேட்டார். பின்னால் யாரோ, "ஊத்திட்டு வந்திருக்காரு போல" என்றான். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனுஷன் அவர். இன்னொரு குரல், "இல்லப்பா, அவங்கப்பாவுக்கும் இப்படித்தான்..." என்று ஆரம்பித்தது.

அண்ணன் திரும்பினார். அத்தனை பேரையும் தாண்டி அவளைத்தான் பார்த்தார். அவள் சின்ன வயசில் கூட அண்ணன் அப்படிப் பார்த்து அவள் கண்டதில்லை. பள்ளிக்கூட வாசலில் கூட்டிப்போக ஆள் வராமல் நிற்கிற பிள்ளையின் பார்வை அது.

"டார்ட் தப்பு," என்றாள் கிராம்.

குரல் பெரிதாகத்தான் வந்தது. எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"எடை ரொம்ப ஜாஸ்தி. இருபத்தெட்டு குடுத்திருக்கேன், அவரு கைக்கு ஆகாது. வரியும் ஒட்டுற மாதிரி வெட்டினது. யாரு எறிஞ்சாலும் கை இப்படித்தான் பூட்டிக்கும். என் தப்பு."

கிளப்பில் சலசலப்பு. கிராம் தப்பு பண்ணிட்டாளா? பல் டாக்டர் சட்டைப் பையிலிருந்து தன் டார்ட்டை எடுத்து ஒரு தடவை சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார். ஊத்திட்டு வந்திருக்கிறார் என்ற குரலும், அப்பாவைப் பற்றி ஆரம்பித்த குரலும் அப்படியே அமுங்கிப் போயின. ஆடத் தெரிந்தவனுக்காகக் கூடமே எழுந்து வந்து, நான்தான் கோணல் என்று சொன்னால் யார் என்ன பேச முடியும்? டயர்க்கடைக்காரர் மட்டும் அவளிடம் வந்து, "அரையிறுதிக்கா இந்த சோதனை எல்லாம்? என்னம்மா நீ?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். ஆட்டம் போய்விட்டது.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. டார்ட்டில் குறையில்லாமல் தோற்றால் வருகிறேன் என்றல்லவா சொன்னார்? அந்த ஒரு கதவுதான் திறந்திருந்தது. அதைத் தன் வாயாலேயே சாத்திவிட்டாள்.

வெளியே வந்ததும் அண்ணனின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. இருவரும் சலவைக் கடை வரைக்கும் நடந்தார்கள்.

"அண்ணே, உள்ள நான் சொன்னது பொய். அந்த டார்ட்ல ஒரு குறையும் இல்ல. உங்களுக்கே தெரியும்."

அண்ணன் நின்றார். இரக்கத்தோடு அவளைப் பார்த்தார்.

"விடும்மா. கடைப் பேரு கெட்டுப் போயிருமோன்னு பயப்படுற. யாரும் அப்படி நினைக்க மாட்டாங்க. இத்தனை வருஷத்துல ஒரு தடவை தப்பா குடுத்துட்ட, அவ்வளவுதானே? யானைக்கும் அடி சறுக்கும்."

"அதில்லண்ணே..."

"எனக்கு உன் மேல கோவமே இல்ல." வலது கையால் அவள் தலையை லேசாகத் தட்டினார். கையை எடுத்த பிறகும் அந்த நடுக்கம் அவள் முடியில் இருப்பது போலிருந்தது. அவர் உண்மையிலேயே நம்புகிறாரா, நம்ப வேண்டும் என்று நம்புகிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்கத் தைரியமும் இல்லை. மன்னித்தவரிடம் போய் எப்படிச் சண்டை போடுவது? வீட்டுக்குப் போய் விளக்கைப் போடாமல் உட்கார்ந்து அழுதாள்.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வருகிறீர்களா என்று கேட்டார்கள். கேட்டுச் சொல்கிறேன் என்றாள். கடைக்குப் போனால் ஷட்டர் முன்னால் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். தலை வாரி, வெளுத்த சட்டை போட்டிருந்தார். சொன்ன சொல்லுக்கு வந்துவிட்டார் என்றே நினைத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாமாண்ணே? நேரம் வாங்கி வச்சிருக்கேன்."

"அது எதுக்கு இப்ப? டார்ட்தானே தப்பு. நீதானே சொன்ன." அவளைப் பார்க்காமல் சொன்னார். "கடையைத் திற."

திறந்தாள். விளக்கைப் போட்டாள். அண்ணன் உள்ளே வந்து மேசைக்கு முன்னால் நின்றார். அவராகவே பென்சிலை எடுத்தார். இடது கையால் எடுத்தார். மூன்று விரல், நடுவில் பிடி, சுத்தமாக.

"சும்மா ஒரு மாசத்துக்கு," என்றார். "இடது கைக்கு ஒரு செட் பார்க்கலாமா?"

வலது கை பாக்கெட்டுக்குள் இருந்தது. துணிக்குள் அது அசைவது தெரிந்தது. கிராம் அந்தப் பக்கம் பார்க்காமல் குனிந்து, புதுசாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கென்று வைத்திருந்த கீழ் இழுப்பறையை இழுத்தாள்.

"இருபத்திரண்டுல ஆரம்பிக்கலாம்ணே," என்றாள்.